ஆயர் வீட்டில்தான் இருக்கிறார்

மேற்கு அயர்லாந்தில் எங்களுடையது சின்ன கத்தோலிக்க மறைமாவட்டம். அதன் ஆயருக்கு, அதாவது பிஷப்புக்கு, செயலாளராக இருந்தவள் என் பக்கத்து வீட்டு டிம்ப்னா கெராட்டி. தட்டச்சு செய்யத்தான் வேலைக்குச் சேர்ந்தாள். போகப் போக, தொலைபேசியை எடுத்து "ஆண்டவர் வெளியே போயிருக்கார்" என்று சொல்வதே பாதி வேலையாகிவிட்டது. ஆயரை எல்லாரும் ஆண்டவர் என்றுதான் சொல்வோம்.

அதை அதிகம் கேட்டவன் ஃபின்டன் கீவனி. சிறுவயதில் ஒரு பாதிரியாரால் சீரழிக்கப்பட்டவன். புகார் வந்தபோதெல்லாம் அந்தப் பாதிரியாரை வேறு ஊர்ப் பங்குக்கோவிலுக்கு மாற்றினார்கள். மாற்ற ஏற்பாடு செய்தவர் இப்போதைய ஆயர். அப்போது முந்தைய ஆயருக்குச் செயலராக இருந்தார். பாதிரியார் செத்து வெகுகாலமாகிறது. ஃபின்டன் நஷ்டஈடு கேட்கவில்லை. "அப்பவே எனக்குத் தெரியும்" என்று ஆயர் தன் முகத்துக்கு நேரே சொன்னால் போதும் என்றான்.

"ஆண்டவர் இல்ல தம்பி."

"ஆயர் வீட்டு போன்லயே ஆண்டவர் இல்லன்னுட்டா நாங்க எங்கம்மா போறது?"

டிம்ப்னா சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக அன்றிரவு தன்னையே திட்டிக்கொண்டாள்.

நவம்பர் மழையில் ஒருநாள் அவன் நேரிலேயே வந்து நின்றான். அதே பதிலைச் சொன்னாள். சொல்லி வாய் மூடவில்லை, மாடியில் ஆயர் இருமினார். ஃபின்டன் மாடிப்படியைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான்.

"சொல்லிச் சொல்லி உங்களுக்கே அலுக்கலயாம்மா?"

கோபமே இல்லாமல் கேட்டான். ஈரத் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவள் மாடிக்குப் போனாள். ஆயர் கணப்படுப்பு அருகே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஃபின்டன் வந்தான். நீங்க இல்லன்னேன். நீங்க இருமினீங்க."

"பாக்கக் கூடாதுங்கிறார் வக்கீல். நான் என்ன பண்ணட்டும் டிம்ப்னா?"

"இனிமே நீங்க இருந்தா இருக்கார்னுதான் சொல்வேன் ஆண்டவரே. பாக்க மாட்டாராம்னும் சேத்துச் சொல்வேன்."

"நீ இப்படிப் பேசி நான் கேட்டதில்லையே."

"நானும்தான் கேட்டதில்ல."

சொன்னபடியே செய்தாள். ஆயருக்கு அடுத்த நிலையில் இருந்த குருவானவர் மலாக்கி டூகி கூப்பிட்டனுப்பினார். "விசுவாசம்னு ஒண்ணு இருக்கில்லம்மா?" என்றார். "இருக்கு ஃபாதர். அதனாலதான் இவ்வளவு கஷ்டமா இருக்கு" என்றாள். யாரும் திட்டவில்லை. கேக் வெட்டி, கைதட்டி, கோவில் மண்டபத்தை வாடகைக்கு விடும் அலுவலக அறைக்கு அவளை மாற்றினார்கள். அவளையும் மாற்றத்தான் தெரிந்திருக்கிறது அவர்களுக்கு.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஆயர் அந்த அறைக்குத் தனியாக வந்தார். ஃபின்டன் வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டார். அவள் வழி சொன்னாள்.

அங்கே நடந்ததைப் பிறகு ஃபின்டனே அவளிடம் சொன்னான். சமையலறையில், கோட்டைக்கூடக் கழற்றாமல், "தெரியும். அவரை மாத்தும்போதே தெரியும்" என்றாராம்.

"இதையே ஞாயித்துக்கிழமை பீடத்துல நின்னு சொல்வீங்களா?" என்று கேட்டிருக்கிறான் இவன்.

ஆயர் தேநீரைக் குடித்து முடித்தார். எழுந்து போய்விட்டார். பீடத்தில் அதைக் கடைசிவரை சொல்லவில்லை. கோடையில், உடல்நலம் காரணமாக ஓய்வு பெறுவதாக எல்லாக் கோவில்களிலும் அறிவித்தார்கள். பிரியாவிடைத் திருப்பலியில் அவருடைய கனிவைப் பற்றி நிறையப் பேசினார்கள். டிம்ப்னா போகவில்லை. வீட்டு ஜன்னல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒருவழியா ஜெயிச்சிட்டியே" என்றேன் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து.

"என்னத்த ஜெயிச்சேன்? ஒரு மனுஷன், இன்னொரு மனுஷன் வீட்டு அடுப்பங்கரையில உண்மையைச் சொல்லியிருக்கார். அதுக்கே இத்தன வருஷம் ஆச்சு. ஃபின்டன் தூங்கறானாம் இப்ப, கொஞ்சம். அது போதும்."

துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள். "கால் கடுக்குது, உள்ள போறேன்" என்றாள்.