அண்ணன் செய்த மூன்று விரல் ரம்பம்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்த மாசியோடு ஒரு வருஷம் ஆகிறது. திவசத்துக்கு வரும் சொந்தக்காரர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் அவரைப் பற்றி நாலு பக்கம் அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்று அண்ணி விரும்பினார். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் கூடப் பிறந்து, கடைசி வரை ஒரே பட்டறையில் வேலை செய்தவன் என்பதால் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது மயிலாப்பூரில், தெற்கு மாட வீதிக்குப் பின்னால் உள்ள சந்தில். சிறு வயதிலேயே அப்பா காலமாகிவிட்டார். அம்மாவின் தம்பியான எங்கள் மாமா, தம்முடைய தச்சுப் பட்டறையில் அண்ணனை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். பின்னால் என்னையும் பாலிஷ் போடச் சேர்த்தார். அண்ணன் வாலிபராக இருந்தபோது அங்கே அடுக்கியிருந்த தேக்குக் கட்டைகள் சரிந்து, அவருடைய வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் போய்விட்டன.

"கட்ட வெரல் கீதில்ல, பொழச்சுக்குவான்" என்றார் மாமா. கட்டுப் பிரித்த மறுநாளே அண்ணன் வேலைக்கு வந்தார்.

எங்கள் தங்கையின் கல்யாணத்தை முடித்த பிறகுதான் அவர் தமக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். சந்தில் யார் வீட்டுக் கதவாவது தரையில் உரசும் சத்தம் கேட்டால், கூப்பிடாமலே இழைப்புளியோடு போய் நிற்பார்.

நாற்காலி, மேஜை மூட்டுகளை அறுக்க, முதுகில் பித்தளைப் பட்டை போட்ட சின்ன ரம்பம் வேண்டும். அதன் பிடி முழுக் கைக்காகச் செய்தது. அண்ணனின் மூன்று விரலில் அது நிற்காமல் புரளும். துணி சுற்றிக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் அப்படியே சமாளித்தார். யுத்தம் வந்து சீமை ரம்பங்கள் கடைக்கு வராமல் நின்றபோது, தாமே ஒன்று செய்துகொள்வதாகச் சொன்னார்.

மாமா சிரித்தார். "இன்னாடா, வெள்ளக்காரன் செய்யிற ரம்பத்த நீ மூணு வெரல வெச்சுக்கினு செய்யப் போறியா?"

"அவன் அஞ்சு வெரலுக்குச் செய்யிறான் மாமா. மூணுக்கு நாந்தான் செய்யணும்."

காயலான் கடை பாய், மர மில்லில் உடைந்த ரம்பத் தகடு ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அண்ணன் அதை வெட்டிச் சாணை பிடிக்கும்போது வினாடிக்கு வினாடி தண்ணீரில் நனைத்தார். சூடேறி நீலம் பாய்ந்தால் எஃகு செத்துவிடும் என்பார். முதுகுப் பட்டைக்கு அண்ணியின் சீர்த் தாம்பாளத்தை அறுத்தார். வேலை முடிந்த நேரங்களில் பட்டறை அரத்தால் ஒவ்வொரு பல்லாக ராவி, ஒன்றை இந்தப் பக்கமும் அடுத்ததை அந்தப் பக்கமும் சாய்த்தார். பிடிக்கு ஈட்டி மரம். கோபாலபுரத்து வீடு ஒன்றில் உடைந்த சாய்வு நாற்காலியின் கையை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். இல்லாத இரண்டு விரல்களின் இடத்தில் மரத்தை மேடாக விட்டுச் செதுக்கினார். பிடித்ததும் கை நிறைந்தது. அதன் பிறகு அவர் அறுத்த மூட்டுகளில் மயிரிழை இடைவெளி கிடையாது.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் பட்டறையில் அன்று எல்லாச் சாமான்களையும் சாமி முன் வரிசையாக வைப்போம். மறுநாள் விஜயதசமியன்று மாமா கையால் வாங்கித்தான் தொட வேண்டும்.

"வூட்டுலயே வெச்சு ஒரு பொட்டு வெச்சா ஆவாதா?" என்று அண்ணி கேட்டார்.

"பட்டறை சாமி பாக்காத சாமான் வெளங்காதுமே" என்று சொல்லி அண்ணன் ரம்பத்தைக் கொண்டுபோய் வரிசையில் வைத்தார்.

மறுநாள் மாமா கற்பூரம் காட்டி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அந்த ரம்பத்தைத் தம் மகனிடம் கொடுத்தார். அண்ணன் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"மாமா, அது என்துது."

"சாமிக்கு வெச்சது பட்டறை சாமான். அரம் யார்து? சாணை யார்து?"

"பட்டை எங்க வூட்டுக்காரி சீர்த் தாம்பாளம் மாமா."

"அப்ப தாம்பாளத்த மட்டும் எடுத்துக்கினு போ" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள்.

மாமாவின் மகனுக்கு அந்த மேடு விரலில் முட்டியது. "இன்னா மச்சான், உன் பிடி வயித்தத் தள்ளிக்கினு கீது?" என்றான். மறுபடியும் சிரிப்பு.

"நீதான செஞ்ச, நீயே வெட்டிக் குடு" என்றார் மாமா.

நல்ல நாளில் சண்டை வேண்டாம் என்று அண்ணன் பிடியைக் கழற்றினார். மேட்டை அரத்தால் ராவித் தூளாக்காமல் ஒரே துண்டாக அறுத்து எடுத்தார். பிடியை வழவழப்பாக்கித் திருப்பிக் கொடுத்தார். அன்று வீட்டுக்கு வந்து அந்தத் துண்டை அண்ணியிடம் நீட்டினார்.

"இன்னாது இது?"

"வெரலு. ரெண்டாவது வாட்டியும் போச்சு."

அதன் பிறகு பழையபடி துணி சுற்றிய ரம்பம்தான். தை மாதக் கடைசியில் ஒருநாள் பிடி புரண்டு, ரம்பம் துள்ளி இடது கையைக் கிழித்தது. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வேலை செய்தார். சில நாளில் தாடை இறுகியது. ஆஸ்பத்திரியில் டெட்டனஸ் என்கிற ரணஜன்னி என்றார்கள். பார்க்க வந்த மாமா, "என்னாண்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா அந்த ரம்பத்தயே குடுத்திருப்பேனேடா" என்றார். அண்ணனுக்கு அப்போது வாய் பூட்டிக்கொண்டிருந்தது. நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. மூன்றாம் நாள் விடியும்போது உயிர் பிரிந்தது.

வீட்டிலிருந்து எடுக்கும் முன், அண்ணி அந்த ஈட்டி மரத் துண்டை அவருடைய வலது கையில் வைத்து மூடினார்.

"இன்னாம்மா அது?" என்று மாமா கேட்டார்.

"அவரு வெரலு மாமா. இத சாமி முன்னால வெக்கல" என்றார் அண்ணி.

ஆஸ்பத்திரியில் கூட இருந்த சந்துக்காரர்களுக்கும், கடையை மூடிவிட்டுச் சுடுகாடு வரை நடந்து வந்த காயலான் கடை பாய்க்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். முடிவாக எங்கள் மாமாவுக்கு. விறகு கிடைக்காத இந்த யுத்த காலத்தில், சிதைக்கு வேண்டிய கட்டைகளை அவர்தான் வண்டியில் அனுப்பி வைத்தார். பட்டறைச் சாமானைப் பட்டறைக்கே திருப்பிக் கொடுப்பதுதான் முறை. எல்லாம் எரிந்துவிட்டபடியால், எங்கள் நன்றியை மட்டும் தெரிவித்துக்கொள்கிறோம்.