இன்னொரு தடவ ஓட்டு

ரெக்ஸ் இறந்துவிட்டான். இன்று காலை, ஆஸ்பத்திரியில்...

குவாண்டம் ஆராய்ச்சியில் பக்கத்துப் பக்கத்து மேசைக்காரர்கள் நாங்கள். சாகிற வயசா இது? பாவி.

அவன் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஓர் அணு சுற்றியிருப்பதோடு உரசிக்கொண்டு ஒளியைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கசிவுக்கும் டிடெக்டரில் ஒரு சத்தம்.

மிக அபூர்வமாக, ரொம்ப நேரம் சத்தமே வராது. சும்மா காத்திருந்தால் ஆயுசுக்கும் பார்க்க முடியாது. அணுமேல் அடிக்கிற லேசரை எப்படித் திருப்பினால் அந்த அபூர்வம் அடிக்கடி நடக்கும்? அதைத்தான் கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருந்தான்.

படகில் மீன்பிடி வேலை பார்த்த அவன் அப்பா ஒருமுறை லேபுக்கு வந்து, "என்ன வேலலே இது?" என்று கேட்டார்.

"வராத மீன வர வைக்குத வேலப்பா."

"அப்பம் கடலுக்கு வாலே."

அபூர்வமான ரிசல்ட் வந்தால் நான் துள்ளுவேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். "நம்பாதலே. இன்னொரு தடவ ஓட்டு."

பாதி நேரம் புரோகிராமில் ஏதாவது தப்பு இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

போன வருஷம் கணையத்தில் கட்டி என்று ஸ்கேனில் வந்தது. "இன்னொரு தடவ எடுக்கச் சொல்லுதேன்" என்றான். எடுத்தார்கள். அதேதான்.

மருந்து வெகு சிலருக்குத்தான் கேட்கும் என்றார் டாக்டர். வெளியே வந்து வண்ணார்பேட்டையில் டீ குடிக்கும்போது, நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "அபூர்வத்த வர வைக்குத வேலதானலே ஒனக்கு" என்றேன்.

டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அங்கன திருப்புததுக்கு லேசர் இருக்குலே. இங்கன எதப் புடிச்சுத் திருப்ப?"

நான் எழுந்து போய் டீக்குக் காசு கொடுத்தேன்.

அவன் மனைவி ஜென்சிதான் போனில் சொன்னாள். "அவிய போயிட்டாவ அண்ணே."

சரிம்மா என்று வைத்துவிட்டேன். பிறகு... திரும்பவும் அவளைக் கூப்பிட்டேன். கூப்பிட்டுவிட்டு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நானும் டாக்டர இன்னொரு தடவ பாக்கச் சொன்னேன் அண்ணே" என்றாள்.

நாளை சாயங்காலம் அவன் ஊரில் அடக்கம். கடற்கரைக் கல்லறைத் தோட்டம்.

வாரேன்லே.