பதினேழாவது ஃபைலை டைப் செய்தவர்

நஸீமா அக்கா நேற்று காலை இறந்துவிட்டார். கிட்னி... டயாலிசிஸுக்குக் கிளம்பும்போதே மயங்கி விழுந்திருக்கிறார்.

நஸீமா என்பது அவருடைய உண்மையான பெயர் இல்லை. ஏன் மாற்றினேன் என்பது படித்து முடிக்கும்போது புரியும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஜெராக்ஸ், ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்தவர். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வலி மாத்திரையைப் போதைக்கு விற்கிறவர்கள், அவர்களுக்குப் பின்னால் இருக்கிற கும்பல், பார் வாசல் வெட்டுக்குத்து... இதுதான் என் பிஎச்.டி. நான் எடுத்த பேட்டிகளையெல்லாம் ஹெட்போனில் கேட்டு டைப் செய்து கொடுத்தது அவர்தான்.

முதலில் அடையாறில் ஒரு ஏஜென்சியிடம் கொடுத்துப் பார்த்தேன். பக்கத்துக்குப் பத்து இடத்தில் 'புரியவில்லை' என்று போட்டு அனுப்பினார்கள்.

அக்கா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தார். ஒரு வார்த்தை விடவில்லை. இருமலைக்கூட டைப் செய்திருந்தார்.

"இன்னா ஆராய்ச்சி, இன்னிக்கு யார் வாய புடுங்கிக்கினு வந்தே?" என்பார். கடைசிவரை எனக்கு அதுதான் பெயர்.

ஒருநாள் மாத்திரை கும்பலைச் சேர்ந்த ஒருவன் பைக்கில் கடைக்கு வந்து, "அந்தப் பொண்ணு இன்னாத்த ரெக்கார்டு பண்ணிக்கினு கீது?" என்று கேட்டிருக்கிறான். அக்கா தலையைத் தூக்காமல், "கொசு சர்வே. ஒன் வூட்டாண்ட கொசு கீதா? எழுதிக்கவா?" என்றாராம்.

அவன் போய்விட்டான். அதைக் கேட்டு இரண்டு நாள் நான் அந்தப் பக்கமே போகவில்லை. அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பேட்டி கொடுக்கிற ஒவ்வொருவரிடமும் நான் ஒரு வாக்குக் கொடுப்பேன். "டைப் பண்றவங்களுக்கு உன்னைத் தெரியாது. உனக்கும் அவங்களைத் தெரியாது." அதை நம்பித்தான் வாயைத் திறப்பார்கள்.

பேச்சு புரிய வேண்டும் என்று அதே ஏரியாவில் ஆள் பிடித்தவள் நான். பேச்சு புரிகிறவருக்குக் குரலும் தெரிந்திருக்கலாமே என்று ஒரு நாளும் தோன்றவில்லை... இவ்வளவு படித்து என்ன பிரயோஜனம்.

பதினேழாவது ஃபைல் ஒரு நாள் லேட்டாக வந்தது. அக்கா அதுவரை லேட் செய்ததே இல்லை. "இத்த நல்லா செக் பண்ணிக்கோ. கை தவறிருக்கும்" என்றார். பார்த்தேன், ஒரு பிழை இல்லை.

அதில் பேசியவன் ஒரு இளைஞன். மாத்திரை போட ஆரம்பித்து, பிறகு கும்பலுக்காகக் கொண்டுபோய்க் கொடுக்கிற வரைக்கும் வந்தவன். வீட்டைவிட்டு ஓடி ஆறு மாதம் ஆகியிருந்தது. தன் அக்காவைக் காது கூசுகிற மாதிரி திட்டினான்.

திட்டி முடித்துவிட்டு, "தெனம் அஞ்சு மணிக்கு டோல்கேட்டாண்டதான் நிப்பேன். வூட்டுக்குப் போவ மூஞ்சி இல்ல" என்றான்.

அந்த வாரத்திலிருந்து நஸீமா அக்கா நாலரைக்கே கடையைச் சாத்த ஆரம்பித்தார். தீசிஸ் நிற்கிறதே என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "வேல கீது" என்பதோடு சரி.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் கடையில் நிற்கிறேன். சாப்பாட்டு கேரியரோடு ஒருவன் உள்ளே வருகிறான். அதே பதினேழாம் நம்பர். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

அக்கா கீபோர்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இவன் என் தம்பி. ஒனக்கு இவன தெரியாது. இவனுக்கும் ஒன்ன தெரியாது. டேய், சோத்த வெச்சிட்டு வேலைக்குப் போ."

ஹார்பர் பக்கம் கண்டெய்னர் யார்டில் அவன் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அதற்கப்புறம் நாங்கள் மூன்று பேரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

நேற்று சாயங்காலம் அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பினார்கள். நான் பெண்களோடு வீட்டில் இருந்தேன். அவன் என்னை வாசலுக்குக் கூப்பிட்டான்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். டோல்கேட்ல நிப்பேன்னு ஒங்ககிட்டதான் சொன்னேன். எங்க அக்கா நேரா அங்க வந்து, 'பசிக்குதா, வா'ன்னு நின்னுச்சு. நா போவல. மறுநாளும் வந்துச்சு. ஒரு மாசம் தெனம் வந்துச்சு... நீங்கதான போட்டுக் குடுத்தீங்க?"

இரண்டு வருடமாக இதை மனதில் வைத்திருக்கிறான். கடைக்கு வந்து போகிற நான்தான் வாக்குத் தவறி அக்காவிடம் சொல்லிவிட்டேன் என்று.

"நான் சொல்லல. உன் ஃபைலை டைப் பண்ணினதே உங்க அக்காதான்" என்றேன்.

"ஃபுல்லாவா?"

"ஃபுல்லா."

"நா திட்னதெல்லாம்?"

"அதுவும். ஒரு வார்த்தை விடல."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். "ஒரு நாளு கூட கேக்கலியே மேடம்..." நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

வாக்கு உடைந்தது என் கவனக்குறைவால்தான். அதையும் அவனிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இதை எழுதட்டுமா என்றும் கேட்டேன். "பேரு போடாதீங்க. எழுதுங்க" என்றான்.

அதனால் பெயர், தெரு, இன்னும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். யாரென்று தெரிந்தவர்கள் கமெண்டில் போடாதீர்கள். போட்டால் டெலிட் செய்வேன், பிளாக்கும் செய்வேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது அக்காவின் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து வந்து கொடுத்தான். 'ஆராய்ச்சி' என்று எழுதி ஒட்டியிருந்தது. அக்கா படுக்கையில் விழுந்த பிறகு டைப் செய்யாமல் நின்றுபோன ஒன்பது ஃபைல் அதில் இருக்கிறது.

இனி அதை யாரிடமும் கொடுக்க மாட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போன் போட்டு, நானே டைப் செய்வேன். இருமல் உட்பட.

போய் வாங்க அக்கா. யார் வந்து கேட்டாலும்... எனக்கு உங்களைத் தெரியாது.