ஜல்தியின் சம்மதம்

திருவாலங்காடு வைத்தியநாதன் பட்டாபிராமன், 1921–1989. மத்திய அமைச்சகம் ஒன்றில் பிரிவு அதிகாரி. புது டில்லி கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் கீழ்த்தளத்து வீட்டுக்காரர்.

பட்டாபி என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட இவரைப் பற்றி அக்குடியிருப்பில் இரண்டு செய்திகள் பரவியிருந்தன. அவர் குறிப்பெழுதி மேலே அனுப்பிய கோப்பு எதுவும் குறை சொல்லப்பட்டுத் திரும்பியதில்லை என்பது ஒன்று. அவர் வீட்டுப் பூனை வேறு யாரையும் கடிக்காது, அவரை மட்டும் கடிக்கும் என்பது மற்றொன்று.

பூனை வந்தது 1975-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில். பால் பூத் மூடுவதற்குள் போய்வர வேண்டும் என்று மனைவி அனந்தலக்ஷ்மி அவரை நோக்கி, "ஜல்தி! ஜல்தி!" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். பட்டாபி மஃப்ளரைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் கொல்லைக் கதவின் வழியாகப் பழுப்பு வரிப் பூனையொன்று உள்ளே வந்து நின்றது. கூப்பிட்ட குரலுக்கு உடனே வந்தது அது மட்டுமே என்பதால் ஜல்தி என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. தயிர்சாதத்துக்கும் விரைவில் பழகிவிட்டது.

அனந்தலக்ஷ்மி அரிவாள்மணை முன் உட்கார்ந்தால் ஜல்தியும் பக்கத்தில் வந்து உட்காரும். அவர் கை பட்டால் தொண்டைக்குள் குறுகுறுவென்று ஒலியெழுப்பும்; கண்ணைப் பாதி மூடிக்கொள்ளும். பட்டாபி கை பட்டால் கதை வேறு.

அதற்குக் காரணம் அவருடைய அன்பின் குறை அன்று. அதைக் காட்டிய முறையே. அலுவலகத்திலிருந்து வந்து, கால் அலம்பி, பிரம்பு நாற்காலியில் அவர் அமர்ந்ததும் ஜல்தி அவர் காலடியில் வந்து மல்லாந்து விழும். வெள்ளை வயிறு தெரியும். காலில் விழுந்தவரை வாழ்த்தாமல் விடுவது பெரும்பிழை என்று கற்று வளர்ந்தவர் பட்டாபி. பூனை தமக்கு நமஸ்காரம் செய்கிறது என்றே அவர் மனமாரக் கருதினார். எனவே குனிந்து, வலது உள்ளங்கையை அகல விரித்து, "தீர்க்காயுசா இரு!" என்று அந்த வயிற்றின்மேல் வைப்பார். மறுகணம் நான்கு கால்களும் ஒரு வாயும் அவர் மணிக்கட்டைக் கவ்வும்.

அது நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் நாட்களிலும் நிலைமை மேம்படவில்லை. வேட்டியின் மடிப்பை நீவுவது போலத் தலையிலிருந்து வால் நுனி வரை இடைவிடாமல் தடவிக்கொண்டே இருப்பார். சற்று நேரத்தில் பூனையின் வால் தரையில் டப், டப்பென்று அடிக்கும். சங்கீத ரசிகரான பட்டாபி, அது தாளம் போடுகிறது என்று மகிழ்ந்து இன்னும் அழுத்தித் தடவுவார். தாளம் கடியில் முடியும்.

மேல்வீட்டு அழகர்சாமி மதுரைப் பக்கத்தவர். ராணுவத்திலிருந்து விலகி, அப்போது ஓர் அரசுக் கிடங்கில் பணியாற்றியவர். பட்டாபியின் கையைப் பார்த்தால் அவருக்கு வாய் சும்மா இராது.

"என்னங்கய்யா, மறுபடியும் கட்டா? எழுபத்தொண்ணு சண்டையில பார்டர்லயே கெடந்தவன் நானு. எனக்கே இம்புட்டுக் காயம் இல்லீங்களே!"

"அது விளையாட்டுக்குக் கடிக்கறது, அழகர்சாமி."

"வெளயாட்டுக்கே டிங்சரு தீந்துபோச்சு. நெசமாக் கடிச்சா கை மிஞ்சுமாங்கய்யா?"

1976-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நெய்வேலியில் இருந்த மகள் மீனாக்ஷிக்குப் பேறுகாலம் நெருங்கியது. ரயிலேறக் கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டதால், மகள் தாய்வீடு வருவதற்குப் பதில் தாய் மகள் வீட்டுக்குச் செல்வதென்று முடிவாயிற்று. திரும்பத் தீபாவளி ஆகிவிடும்.

"அதுவரைக்கும் நீங்களும் இதுவும் ஒரே ஆத்துல இருக்கப்போறேளா? நான் திரும்பி வரச்சே ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் மிஞ்சியிருப்பேள்" என்றார் அனந்தலக்ஷ்மி. "ஐ.என்.ஏ. மார்க்கெட் மளிகைக்கடைக் கருப்பசாமி கோடவுன்ல எலித் தொல்லைன்னு அழறார். இதைக் கேட்டார், அச்சான்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துண்டு போயிடுவார்."

"உன் இஷ்டம்" என்றார் பட்டாபி.

அது அவருடைய இஷ்டம் அன்று. பூட்டைத் திறந்து உள்ளே வந்தால் குரல் ஏதுமற்ற வீடு. கடிக்கவாவது ஓர் உயிர் வேண்டாமா? ஆனால், 'எனக்கு இந்தப் பூனை வேணும்' என்ற வார்த்தை அவர் தொண்டையைத் தாண்டி வரவில்லை. அப்படி எதையும் தமக்கு வேண்டுமென்று கேட்டுப் பழகியவர் அல்லர் அவர். கேட்டாலும், கடிபட்ட கையை வைத்துக்கொண்டு எப்படி வாதாடுவது? ஞாயிற்றுக்கிழமைக்குள் பூனையே தம்மை ஏற்க வேண்டும், வேறு வழியில்லை.

அந்த வாரம் அவர் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு மனைவியின் கையையே கவனித்தார். அனந்தலக்ஷ்மி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். பூனையைத் தேடிப் போகவில்லை; அது தானே வந்தது. அவர் ஒரு விரலை மட்டும் லேசாக வளைத்து அதன் மூக்குக்கு நேரே நீட்டினார். ஜல்தி முகர்ந்தது, பிறகு கன்னத்தை அந்த விரலில் தேய்த்தது. அதன் பின்னரே அவர் மோவாயின் கீழும் காதின் அடியிலும் மெல்லச் சொறிந்தார். உடனே கையை எடுத்துக்கொண்டு பீன்ஸுக்குத் திரும்பினார். பூனை தலையால் அவர் முழங்கையை முட்டி இன்னும் கேட்டது. மறுபடி சொறிந்தார். வாலின் நுனி லேசாகத் துடித்ததும், பார்க்காதவர் போலக் கையை எடுத்துவிட்டார்.

"ஏன் நிறுத்திட்டே?" என்று கேட்டார் பட்டாபி.

"போறும்னு சொல்லித்தே."

"எங்கே சொல்லித்து? வாயே திறக்கலையே!"

"வாலால சொல்லித்து. அதைப் பார்த்துத்தான் நீங்க ஆதி தாளமா, ரூபகமான்னு யோசிச்சுண்டிருந்தேள்."

பட்டாபி செய்தித்தாளைத் தாழ்த்தினார். "அப்போ என் கால்ல வந்து விழறதே, அது?"

"எது?"

"நமஸ்காரம்."

அனந்தலக்ஷ்மி சிரித்த சிரிப்பில் பீன்ஸ் தட்டு கவிழ்ந்தது. "நமஸ்காரமா! இவர் கிட்ட பயமில்லைன்னு நம்பி மல்லாந்து படுத்துக்கறது, அவ்வளவுதான். மத்தியானம் நீங்க கயித்துக் கட்டில்ல மல்லாந்து தூங்கறேளே, நான் வந்து வயித்தைத் தடவறேனா?"

இருபத்தைந்து ஆண்டுக் கோப்பு அனுபவம் பட்டாபிக்குள் விழித்துக்கொண்டது. விரலை நீட்டுவது விண்ணப்பம். கன்னத்தைத் தேய்ப்பது ஒப்புதல். அந்த ஒப்புதலும் கன்னம், மோவாய், காதடி ஆகியவற்றுக்கு மட்டுமே. வயிறு அதில் சேராது. வால் துடித்தால் ஒப்புதல் காலாவதி. எந்த இளநிலை எழுத்தரும் செய்யத் துணியாததை அவர் இத்தனை மாதமும் செய்துவந்திருக்கிறார்: மேலிடத்தின் சம்மதமின்றிக் காரியத்தில் இறங்கியிருக்கிறார்!

அறிந்துகொண்டதில் தாமதமாகிவிட்டது. காலடியில் வந்து படுத்தாலும், அவர் கை நீண்டதுமே ஜல்தி எழுந்து காற்றுக் குளிர்விப்பானுக்குப் பின்னால் போயிற்று. நாற்காலியிலிருந்து அவர் நீட்டிய விரல் அந்தரத்தில் நின்றது. சனிக்கிழமை மாலை வரை ஒப்புதல் கிடைக்கவில்லை.

ஞாயிறு காலை கருப்பசாமி கோணிச் சாக்குடன் வந்தார். திருநெல்வேலிக்காரர், கனத்த குரல். பயணப் பெட்டிகளையும் புது ஆளையும் சாக்கையும் கண்ட ஜல்தி கட்டிலுக்கடியில், சுவரோரமாக ஒடுங்கிக்கொண்டது. அனந்தலக்ஷ்மி அழைத்தும் வரவில்லை.

"ஏட்டி, வெளிய வாட்டி!" என்று கருப்பசாமி குனிந்து கையை விட்டார். அதே வேகத்தில் கையை இழுத்துக்கொண்டார். "ஆத்தாடி, பிறாண்டிட்டுல்லா!"

சத்தம் கேட்டு இறங்கிவந்த அழகர்சாமி வாசலில் நின்று, "அய்யாவுக்குத் தொணைக்கு ஒரு ஆள் கெடைச்சாச்சு" என்றார்.

"எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்கோ" என்றார் பட்டாபி. அந்த வீட்டில் அவர் குரல் உயர்ந்தது அன்றுதான்.

பிறகு எவரும் எதிர்பாராததைச் செய்தார். பிரம்பு நாற்காலியைக் கடந்துபோய்ச் சிமெண்டுத் தரையில் சப்பணமிட்டு அமர்ந்தார். பூனையைப் பார்க்காமல் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார். ஒரு விரலை மட்டும் லேசாக வளைத்து, தரையோடு தரையாக நீட்டி வைத்தார். அப்படியே காத்திருந்தார். கோப்பு மேலே போனபின் காத்திருக்கத் தெரிந்தவர் அவர்.

கட்டிலடியில் இரண்டு கண்கள் அசைந்தன. முதலில் மீசை வந்தது, பிறகு மூக்கு. ஜல்தி அந்த விரலை முகர்ந்தது, நெடுநேரம் ஆராய்ந்தது. அனந்தலக்ஷ்மி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பூனை கன்னத்தை விரலில் ஒருமுறை தேய்த்தது.

பட்டாபி மோவாயின் கீழ் மெல்லச் சொறிந்தார், நிறுத்தினார். ஜல்தி தலையால் அவர் கையை முட்டிற்று. சொறிந்தார், மீண்டும் நிறுத்தினார். அது முழுவதும் வெளியே வந்து, அவர் மடியில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது. அந்தக் குறுகுறுப்பொலி அறையில் எல்லோருக்கும் கேட்டது. சற்றுப் பொறுத்து வால் நுனி துடித்தது. பட்டாபி உடனே கையை எடுத்துத் தம் முழங்காலில் வைத்துக்கொண்டார். பூனை இறங்கிப் போகவில்லை.

"அப்போ சாக்கு?" என்றார் கருப்பசாமி.

பட்டாபி நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். "எனக்கு இது வேணும், லக்ஷ்மி" என்றார்.

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா அவரை வெயில்ல அலைய விட்டிருக்க மாட்டேனே! அண்ணாச்சி, மோர் சாப்பிட்டுட்டுப் போங்கோ."

தீபாவளிக்கு அனந்தலக்ஷ்மி திரும்பியபோது மகளும் பேத்தியும் உடன் வந்தனர். குடியிருப்பே திரண்டு குழந்தையின் கன்னத்தைக் கிள்ளியது, குழந்தை வீறிட்டழுதது. கூட்டம் கலைந்ததும் பட்டாபி கையை அலம்பிக்கொண்டு வந்து பாய் அருகே தரையில் அமர்ந்தார். ஒரு விரலை நீட்டிக் காத்திருந்தார். குழந்தை அழுகையை நிறுத்தி, அந்த விரலை இறுகப் பற்றிக்கொண்டது.

"இவளுக்கு வால் கிடையாது. பார்த்து நிறுத்துங்கோ" என்றார் அனந்தலக்ஷ்மி.

1979-இல் ஓய்வுபெற்ற பட்டாபி கரோல் பாகில் ஒரு மாடிவீட்டுக்குக் குடிபெயர்ந்தார். ஜல்தியும் உடன் சென்று, நெடுங்காலம் வாழ்ந்து, 1986-இல் அவர் மடியிலேயே முதுமையெய்தி மறைந்தது. அதன் பின் அவர் பூனை வளர்க்கவில்லை. எனினும் ஒருநாள், மொட்டைமாடி வெயிலில் உட்கார்ந்திருக்கையில் பக்கத்து வீட்டுச் சுவர் தாண்டி வந்த சாம்பல்நிறக் குட்டியொன்றைக் கண்டு, நாற்காலியைவிட்டுத் தரையில் இறங்கி அமர்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு விரலை நீட்டினார். அது வந்து முகர்ந்தது, கன்னத்தையும் தேய்த்தது. அவர் பெற்ற கடைசி ஒப்புதல் அது: 1989 பிப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமை.