வேண்டாவின் கை

பளபளக்கும் மெனு அட்டையைப் புரட்டி, ஒரு மீன் படத்தின் மேல் விரலை வைத்து, "இது ஒண்ணு" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? அதைச் சமைத்தவரின் பெயரை ஒரே ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா?

கிருபாகரனும் கேட்டதில்லை. அவனுக்குக் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. மாமல்லபுரத்தில் செல்வராஜின் மொட்டைமாடி உணவகத்தில் மீன் வறுத்த வேண்டா, அவன் தெருக்காரி. நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததால் 'போதும்' என்ற பொருளில் அந்தப் பெயரை அவளுக்கு வைத்திருந்தார்கள். பிறந்த குழந்தையின் தலையில் இப்படி ஒரு அவமானத்தைக் கட்டுவதற்குச் சடங்கு என்று பெயர் வேறு!

கிருபாகரனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு நல்ல உணவகத்தின் மெனு அட்டையில், அடியில், சின்ன எழுத்தில் 'படம்: கிருபா ஸ்டூடியோ' என்று ஒரு வரி வர வேண்டும்.

அவன் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். பத்தாவது முடித்ததும் செங்கல்பட்டில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தான். இரண்டு வருடம் படம் கழுவும் தட்டுகளைத் தேய்த்தான், தரை கூட்டினான். கேமராவை மட்டும் அவன் கையில் தரவில்லை. "உன் ஈரக்கை பட்டா லென்ஸ்ல பூஞ்சை பூத்துடும்" என்றார் முதலாளி. அவர் அஞ்சியது ஈரத்துக்கு அல்ல என்பது இருவருக்குமே தெரியும். கிருபாகரன் பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டு, பழைய கேமரா ஒன்றை வாங்கி, மாமல்லபுரத்தில் சொந்தமாக ஒரு சின்ன ஸ்டூடியோ போட்டான்.

தொண்ணூற்றாறில் செல்வராஜ் அவனைக் கூப்பிட்டார். "வெள்ளக்காரனுக்கு வஞ்சிரம்னா இன்னா தெரியும்? படத்தக் காட்டிட்டா பேஜார் இல்ல பாரு" என்றார். கிருபாகரனுக்குத் தெரிந்த ஒழுங்கான படம் பாஸ்போர்ட் படம்தான். பின்னால் நீலத்துணி, நேர்ப்பார்வை, நிழல் விழாத வெளிச்சம். அதே முறையில் பன்னிரண்டு மீன்களையும் எடுத்தான். வேண்டா தட்டை நீலத்துணியின் மேல் வைத்தபோது அவள் விரல்கள் படத்துக்குள் வந்தன. "அக்கா, கைய எடு" என்றான்.

அட்டை வந்தது. மேசைக்கு மேசை சிரிப்பு. "இன்னா கிருபா, மீனுங்க எல்லாம் துபாய்க்குப் போவுதா?" என்றார் செல்வராஜ். அவன் பெயரை அட்டையில் அவர் போடவே இல்லை. ஆறு வருடம் அந்தச் சிரிப்பு அவன் காதில் கிடந்தது.

இரண்டாயிரத்து இரண்டில் அட்டையை மாற்ற சென்னையிலிருந்து நிதின் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். மூன்று பெரிய பைகள், வெளிச்சத்தை வடிகட்ட வெள்ளைத்துணிப் பெட்டி மாட்டிய இரண்டு விளக்குகள், பதினைந்து வயதிலேயே அப்பா வாங்கிக் கொடுத்த கேமராவைப் பற்றி ஓயாத பேச்சு. ஐஸ் வாங்கித் தரவும் வயர் இழுக்கவும் உள்ளூர் ஆள் ஒருவர் தேவை என்று செல்வராஜ் சொல்லியனுப்பினார். கிருபாகரன் போனான். போகாமல் இருக்க முடியவில்லை. புண்ணைச் சொறியாமல் இருக்க முடியுமா?

அந்தப் பைகளின் ஒவ்வொரு ஜிப்பும் திறக்கும்போது எட்டி எட்டிப் பார்த்தான். வெளிச்சத்தை நிதின் பஞ்சு மாதிரி மெத்தென்று இறக்கியதைப் பார்த்துப் பொறாமைப்பட்டான். தட்டைத் திருப்பும் விரலில் இருந்த அலட்சியத்துக்கும் பொறாமைப்பட்டான். அவன் சாய்ந்து நின்று டீ குடித்ததற்குக்கூட! பொறாமை பெரும்பாவம் என்று ஞாயிறுதோறும் பிரசங்கத்தில் கேட்டவன்தான் கிருபாகரன். பதினைந்து வயதில் ஒருவன் கையில் கேமராவும் இன்னொருவன் கையில் துடைப்பமும் கொடுக்கப்பட்டதே, அது யார் செய்த பாவம் என்று எந்தப் பிரசங்கியும் சொன்னதில்லை.

நடுவில் அவனுக்குக் கொஞ்சம் சந்தோஷமும் கிடைத்தது. மீனைப் பாதி வேக்காட்டில் எடுக்கச் சொன்னான் நிதின். முழுக்க வெந்தால் சுருங்கிவிடுமாம். அதன் மேல் எண்ணெயைத் தூரிகையால் பூசினான். கிளிசரின் கலந்த தண்ணீரைத் தெளித்தான். ஆவிக்காக, கொதிநீரில் நனைத்த பஞ்சைத் தட்டுக்குப் பின்னால் ஒளித்தான்.

வேண்டா இடுப்பில் கை வைத்து நின்றாள். "வேகாத மீன எவன்யா துண்ணுவான்?"

"இது சாப்பிடறதுக்கு இல்லக்கா. பார்க்கறதுக்கு."

"அப்போ கல்லுல ஒரு மீனு செதுக்கி வெச்சிக்கோ. இந்த ஊர்ல அதுக்கா ஆளு இல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். கிருபாகரன்தான் அதிகம் சிரித்தான். நிதினும் சிரித்தான். சிரித்துக்கொண்டே தட்டை நகர்த்த வந்த அவள் கையைப் பார்த்தான். "அக்கா, அப்படியே இருங்க. கைய எடுக்காதீங்க" என்று சொல்லி, பட்டென்று ஒரு படம் எடுத்தான்.

கிருபாகரனின் சிரிப்பு நின்றது.

பத்து நாள் கழித்துச் செல்வராஜ் ஓர் உறையோடு ஸ்டூடியோவுக்கு வந்தார். அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் படங்களை அளவாக வெட்டித் தர வேண்டும். கைப்படத்தை மேலே எடுத்து வைத்தார்.

"இத அட்டைக்கு மேல போடறோம். மீனு ஷோக்கா கீது. ஆனா அந்தக் கைய வெட்டிடு."

"ஏன்?"

"கீழ நம்ம கடையில நாஸ்தாவுக்கு வர்றவன்லாம் நம்ம ஊர்க்காரன். அது எந்தத் தெருக் கைன்னு அவனுக்குத் தெரியாதா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "அடியில உன் ஸ்டூடியோ பேரப் போட்டுக்கோ. மெட்ராஸ்லேந்து அந்தப் பையன் வந்தா பார்க்கப் போறான்?" என்றார்.

ஆறு வருட ஆசை தானாகப் படியேறி வந்திருந்தது. கிருபாகரன் ஸ்கேலை மணிக்கட்டுக்குக் குறுக்கே வைத்து, பிளேடை எடுத்தான். படத்தைப் பார்த்தான். நல்ல படம். பாழாய்ப்போன நல்ல படம். எண்ணெய் தெறித்த வடுக்கள், தேய்ந்த நகம், தட்டின் விளிம்பை விடாமல் பற்றிய பெருவிரல். இருபது வருடமாகத் தெருவில் பார்க்கிற கை. இதை ஒரு படமாக அவன் பார்த்ததே இல்லை. நேற்று வந்தவன் ஒரே நொடியில் பார்த்துவிட்டான். தொண்ணூற்றாறில் 'கைய எடு' என்று சொல்லும்படி செல்வராஜ் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. அந்தக் கையை முதலில் வெட்டியது இவன்தான்.

அவன் பிளேடைக் கீழே வைத்தான். நியாயம் பிறந்து வைத்தான் என்று எழுதினால் அது பொய். நிதின் எடுத்த படத்தின் அடியில் தன் பெயர் வந்தால், பார்ப்பவன் பாராட்டும் ஒவ்வொரு பாராட்டும் நிதினுக்கே போய்ச் சேரும் என்ற எரிச்சலில்தான் வைத்தான்.

மறுநாள் மாலை நாலரைக்குச் சமையலறையின் பின்வாசலில் கொடிக்கயிற்றில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினான். மேற்கு வெயில் அதில் வடிந்து இறங்கியது. நிதின் 'அழுக்கு' என்று ஒதுக்கிய கரிபிடித்த சுவர் பின்னணியாயிற்று. கறுப்புக்கு முன்னால்தான் உண்மையான ஆவி தெரியும்.

"முழுசா வேகட்டும் அக்கா. வாணலிலேந்து எடுத்ததும் தட்டோட நில்லு."

"மூஞ்சி தெரியுமா?"

"தெரியும்."

"இரு நைனா, மொகத்தக் கழுவிகினு வரேன்."

முப்பத்தாறு படங்கள் எடுத்தான். ஒன்று தேறியது. வெந்த மீன், அதன் மேல் எழும் மெய்யான ஆவி, அதற்கு அப்பால் வேண்டாவின் முகம்.

செல்வராஜ் அதைப் பார்த்து முகம் சுளித்தார். "சமையக்காரியப் படம் புடிச்சிகினு வந்துகீறியே! இதப் போட்டா எவன் வருவான்?"

"பத்து வருசமா வந்து துண்ணுகினுதான கீறான்?"

"துண்றது வேற. தெரிஞ்சு துண்றது வேற."

தீண்டாமையை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல எந்தச் சாத்திரத்துக்கும் வராது. சாதி நாக்கில் இல்லை, பெயரில் இருக்கிறது. பெயர் தெரியாதவரை வஞ்சிரம் இனிக்கிறது.

செல்வராஜ் படங்களை வேறு ஆளிடம் கொடுத்து வெட்டிக்கொண்டார். புது அட்டை கையில்லாமல் வந்தது. யார் பெயரும் இல்லாமல் வந்தது. கிருபாகரனை அவர் அப்புறம் கூப்பிடவே இல்லை. அவன் தன் படத்தைப் பெரிதாக்கி ஸ்டூடியோ வாசலில், கல்யாணப் பெண்ணின் படம் இருந்த இடத்தில் மாட்டினான். அடியில் எழுதினான்: 'வஞ்சிரம் வறுவல். சமைத்தவர்: வேண்டா. படம்: கிருபாகரன்.'

வேண்டா வந்து நெடுநேரம் பார்த்தாள். "மூக்கு பெருசா கீது" என்றாள். பிறகு, "கையோட சேத்து எடுக்கணும்னு உனுக்கு எப்படித் தோணிச்சி?"

"தோணிச்சி."

"அந்த மெட்ராஸ் புள்ளயும் கையத்தான எடுத்திச்சி?"

கிருபாகரன் கண்ணாடியைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டான். வருடங்கள் போயின. அந்தப் படம் அங்கேயே தொங்கியது. நிதினின் பெயரை மட்டும் அதில் சேர்க்க அவன் மனம் கடைசிவரை இடம் தரவில்லை. தன் பெயருக்காக அவ்வளவு எரிந்தவன், இன்னொருவன் பெயரை விழுங்கினான்.

ஆகவே கிருபாகரனை நம்பியிருக்காதீர்கள். அவன் செய்ததில் பாதி பொறாமை. நீங்கள் செய்யுங்கள். அடுத்த தடவை மெனு அட்டையில் விரல் வைக்கும் முன், பரிமாறுபவரிடம் கேளுங்கள்: "இதைச் சமைப்பவர் பெயர் என்ன?" அவர் சிரித்தால் மறுபடியும் கேளுங்கள். அவர் உள்ளே போய் அந்தப் பெயரைக் கேட்டு வந்து சொல்லும்வரை எதையும் கொண்டுவரச் சொல்லாதீர்கள்.