பதினேழு ஊர், ஒரு மூச்சு

மைக்கை அணைத்துவிட்டுத்தான் இருமுவார். இருமல் தொண்டையில் வந்து முட்டினாலும் சரி, கண்ணில் நீர் கோத்தாலும் சரி, முதலில் பொத்தான், பிறகுதான் இருமல். முப்பத்தோரு வருஷமாக அந்த ரயில் நிலையத்தின் அறிவிப்பாளர். அவர் இருமி எந்தப் பயணியும் கேட்டதில்லை.

நிலையத்தில் அவருக்கு 'மைக்கண்ணன்' என்று பெயர். பத்து மணி வண்டி நிற்கும் பதினேழு ஊர்களையும் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பது அந்தக் காலத்தில் அவருடைய கெத்து. பெட்டியோடு ஓடுகிறவர்கள்கூட நின்று கேட்பார்கள். கடைசி ஊரைச் சொன்ன கையோடு பின்புற இரும்புப் படிக்கட்டுக்குப் போவார். அங்கே சிக்னல்காரர் இரண்டு தம்ளர் காபியோடு காத்திருப்பார். சிகரெட் ஒன்றுதான், ஆளுக்குப் பாதி. ஒரு மடக்கு, ஒரு இழுப்பு. குளிர்காலக் காலையில் காபியின் ஆவி எது, புகை எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. 'பாதிதானே' என்ற சமாதானத்தில் ஒரு நாளைக்கு எட்டுப் பாதி போகும்.

சிக்னல்காரர் இப்போது வீட்டில், ஆக்சிஜன் இயந்திரத்தின் பக்கத்தில். போனில் நாலு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்துகிறார். "உன் பாதியையும்... நானே இழுத்துட்டேன் போலடா... நீ தப்பிச்சே."

மைக்கண்ணன் தப்பிக்கவில்லை. போன வருஷம் பதினேழு பன்னிரண்டானது, பிறகு பத்து. நடுவில் அவர் மூச்சு வாங்குவதைப் பயணிகள் கவனிக்கவில்லை. தண்டவாளத்துக்கு எதிர்மாடியில்தான் அவர்கள் வீடு; அங்கிருந்து மனைவி கவனித்தார். ஒலிபெருக்கி அவர் சமையலறை வரை கேட்கும்.

"இன்னிக்குப் பத்தோட நின்னுட்டீங்க. படிக்கட்டுப் பக்கம் போனீங்களா?"

"ஃபேன் காத்துடி, மூச்சு அடைச்சுது."

"ஃபேன் காத்துக்குச் சட்டையெல்லாம் புகை நாறுமா?"

மருத்துவர் வேறு கறாராகச் சொல்லிவிட்டார்: ஒன்று சிகரெட், இல்லை மைக். மூன்று மாதம் கழித்து வரும் பரிசோதனையில் குழாயில் ஊதிக் காட்ட வேண்டும். தேறாவிட்டால், தொலைந்த பொருள்கள் அறையில் ஒரு மேசை. "குடைங்ககிட்ட உக்காந்து என்னத்த அறிவிக்கிறது?" என்று இரண்டு நாள் புலம்பினார்.

மூன்றாம் நாள் காபியை விட்டார். "காபி உள்ள போனா சிகரெட்டைக் கூப்பிடுது, அதான்!" நாலு நாள் காபி இல்லாமல் சிகரெட் மட்டும் போயிற்று. மனைவி தலையில் அடித்துக்கொண்டு பிளாஸ்க்கை நிரப்பிக் கொடுத்தார். "காபியை ஒழுங்காக் குடிங்க. மத்ததை நான் இங்கேருந்து கேட்டுக்கறேன்."

இன்று சிகரெட் இல்லாத நாற்பத்து மூன்றாம் நாள். பத்து மணி வண்டி. குரல் பழைய வேகத்தில் கிளம்பியது. பத்தைத் தாண்டியது, பன்னிரண்டைத் தாண்டியது, பதினாலாவது ஊரில் மூச்சு அறுந்தது. வாங்கிக்கொண்டு மிச்சம் மூன்று ஊரையும் சொன்னார். பொத்தான். இருமல்.

பிளாஸ்க்கிலிருந்து காபியை ஊற்றிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். எதிர்மாடியில் மனைவி ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பத்து விரலையும் விரித்துக் காட்டினார், பிறகு நாலு.

அவருடைய வலது கையில் தம்ளர். இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும், இல்லாத சிகரெட்டுக்கு இடம் விட்டு, வழக்கம்போல் விரிந்திருந்தன. அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மோதிர விரலையும் கூடச் சேர்த்து, மூன்றாக ஜன்னலில் உயர்த்திக் காட்டினார்.