திறப்பு விழாவுக்கு இரண்டு கன்றுகள்

வடசேரி சந்தையில் கன்று விற்கிற அண்ணாச்சியிடம் இரண்டு மட்டிவாழைக் கன்றுகள் கேட்கிறேன். இன்று சாயங்காலம் சென்னைக்கு ரயில்.

“பட்டணத்துல எங்க நடப்போறிய?” என்கிறார், கன்றுகளை ஈரச்சாக்கில் சுற்றியபடி.

சொல்கிறேன். எங்கள் தெருமுனையில் சுரங்க ரயில் நிலையம் கட்டுகிறார்கள். திறக்கும் நாளில் அதன் வாசலில் நாங்களே வளர்த்த குலைவாழைகளைக் கட்டுவதென்று தெருக்கூட்டத்தில் முடிவாகி, அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதலில் வைத்த வாழைகள் குலை தள்ளியபோது, துளை போடும் இயந்திரம் பாறையில் மாட்டிக்கொண்டது. பழத்தைத் தெருவே தின்றது. அடுத்து வைத்தவை குலை தள்ளியபோது ஒப்பந்தக்காரர் மாறியிருந்தார். அதையும் தின்றோம். இந்த முறையும் தின்றால் பொறுப்பு எதிர்வீட்டுச் சபாபதிக்குப் போய்விடும். அதைமட்டும் என்னால் தாங்க முடியாது.

அண்ணாச்சி சாக்கைப் பிரித்துக் கன்றுகளைப் பழைய இடத்திலேயே வைக்கிறார்.

“வாழை சரிப்படாது, கேட்டியளா. அது சொன்ன காலத்துக்குக் குலைச்சிரும்.”

“பின்னே என்ன செய்ய, அண்ணாச்சி?”

உள்ளே போய் இரண்டு தென்னம்பிள்ளைகளைத் தூக்கி வருகிறார். “இத நடுங்க. தோரணத்துக்குக் குருத்தோலையும் ஆச்சு, உடைக்கத் தேங்காயும் ஆச்சு.”

பணத்தை நீட்டுகிறேன். வாங்காமல் என்னையே பார்க்கிறார். என்ன தோன்றியதோ, தென்னம்பிள்ளைகளையும் திரும்பத் தூக்கிக்கொள்கிறார்.

“இது குட்டை ரகம், சீக்கிரம் காய்ச்சிரும். இருங்க, நெட்டை எடுத்துட்டு வாறேன்.”